தராசை நம்பாத கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பரந்தனுக்குக் கிழக்கே குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற எங்கள் பக்கத்தில் பதினாறு வருடமாக ஒரு வாய்க்காலுக்கு நான்தான் தலைவர். துருசு என்கிற குளத்து மதகு திறந்து தண்ணீர் வந்தால் அது யாருடைய வயலுக்கு எத்தனை மணி நேரம் போக வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. தன் முறை வரும்வரை பொறுத்திருக்கிற கமக்காரனை நான் இன்னும் காணவில்லை. இரகசியமாக மடையைக் கொத்திவிட்டு, நண்டு ஓட்டை போட்டுவிட்டது என்பார்கள். நண்டைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. ஆகவே நான் எல்லோரையும் சந்தேகப்படுவேன்.

இதை எழுதச் சொன்னது ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பிள்ளை. காலை முறித்துக்கொண்டு வீட்டில் ராசா மாதிரிப் படுத்திருக்கிறவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்களாம். நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். எனக்கு வேலை கொடுத்துத் தன் வேலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

சிறுபோகம் விதைத்து ஒரு மாதம் இருக்கும். பின்னேரம், உடைப்பு இருக்கிறதா என்று வாய்க்கால் வரம்பில் பார்த்துக்கொண்டு போனபோது சறுக்கியது. வலது கால் கல்லுக்கட்டுக்குள் மாட்டிக்கொள்ள உடம்பு மற்றப் பக்கம் விழுந்தது. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் இழுத்து நேராக்கித் தொடையிலிருந்து விரல் நுனிவரை பிளாஸ்ரர் போட்டு, ஒரு கிழமையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறு கிழமை கழித்துக் கிளினிக்குக்குப் போனோம். விடியப் போய் நம்பர் எடுத்து மத்தியானம்வரை காத்திருந்தோம். டொக்டர் புதிதாக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்தார், பிளாஸ்ரரை முழங்காலுக்குக் கீழே கட்டையாக்கினார், இனிப் பிடித்துக்கொண்டு ஊன்றிப் பழகுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வையுங்கள் என்றார். அவ்வளவுதான் கதை. வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், இவர் என்னைச் சுருக்காகக் கழித்து விடுகிறார் என்று எனக்குப் பட்டது. முறிந்த எலும்பில் ஏறி நிற்கச் சொல்வதாவது!

எங்கள் ஊர்களில் ஒருவருக்கு வருத்தம் வந்தால் கடைசித் தீர்ப்பு ஆஸ்பத்திரியில் கிடைப்பதில்லை. அது வெளிநாட்டிலிருந்து போனில் வரும். என் மனைவி பரமேஸ்வரியின் தம்பி கனடாவில் இருக்கிறான், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. அன்றைக்கே வீடியோவில் காலைக் காட்டினோம். அவன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அத்தான், கால் நிலத்திலை முட்டவே கூடாது. இஞ்சை எல்லாம் முழுக்கப் பொருந்தினாப் பிறகுதான் விடுவினம். அங்கத்தை டொக்டர்மார் சொல்லுறதைக் கேட்டு அவசரப்படாதேங்கோ."

எல்லோரையும் சந்தேகப்படுகிற நான் இவனை மட்டும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் எனக்கு வேண்டியதை அவன் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்ல. பரமேஸ்வரி என்னைத் தன் தோளில் சாய்த்துத் தூக்கிக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுவாள். முகம் கழுவத் தண்ணீர் கட்டிலுக்கு வரும். நெடுங்கேணியில் கட்டிக்கொடுத்த மகள் கிழமைக்கு ஒருதரம் ஆட்டுக்கால் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து சூப் வைத்துத் தருவாள், எலும்புக்கு எலும்பு என்று. பார்க்க வந்த சனம் எல்லாம் "காலை ஊன்றிப் போடாதேங்கோ" என்றுதான் விடைபெறும். நான் தவறியும் ஊன்றவில்லை, கிளினிக் பக்கமும் போகவில்லை. இப்படியே இன்னும் இரண்டரை மாதம் போனது.

நான்காம் மாதத்தில் ஒருநாள் விடிய இடுப்பின் இடப்பக்கம் பிடித்தது. அந்த வலியை விவரிக்க எனக்குத் தெரியாது. கத்தினேன் என்பது மட்டும் ஞாபகம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்ப அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேனில் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கல் தெரிந்தது. ஊசி போட்டு வலி தணிந்த பிறகு இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், காலையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பில் வலிக்கிறவனுக்கு ஏன் காலைப் படம் எடுக்கிறார்கள்? நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் எல்லாவற்றையும் கவனித்தேன்.

சிறுநீரகம் என்றாலே எங்கள் பக்கத்துக் கமக்காரருக்குப் பயம். குடிக்கிற தண்ணீரோ அடிக்கிற மருந்தோ, காரணம் இன்னும் சரியாகத் தெரியாது, வயல் செய்கிறவர்களுக்குக் கிட்னி பழுதாகிப் போகிற கதை வவுனியாப் பக்கம் நிறைய. எனக்குத் தெரிந்த ஒருவர் கிழமைக்கு இரண்டுதரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்தார். பிறகு ஒருநாள் போகவில்லை. எனக்கும் அதுதான் வந்துவிட்டது, சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்க்கச் சொல்லிப் பெரிய கலன் ஒன்று தந்தார்கள். அதன் மூடியில், நெல் மூட்டைக்கு வைக்கிற மாதிரி, எனக்கு மட்டும் தெரிகிற ஒரு அடையாளம் போட்டேன். வேறு ஒருவனுடைய கலனோடு மாறினால் பிடித்துவிடலாம் என்று. மூன்று நாளாக நித்திரை இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருமினால்கூட எனக்கு ஏதோ சைகை காட்டுகிறார் என்று தோன்றியது.

நான்காம் நாள் வேறொரு டொக்டர் வந்தார். இளம் பெண், எங்கள் மகளின் வயதிருக்கும். வந்தவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றபடி கதைத்துவிட்டுப் போகிற டொக்டர் உட்கார்ந்தால் அது நல்லதுக்கில்லை. பரமேஸ்வரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் நேராகக் கேட்டேன், கிட்னி எவ்வளவு போய்விட்டது என்று.

"கிட்னி நல்லாய் இருக்குது ஐயா," என்றார். "நீங்கள் விண்வெளிக்குப் போற ஆக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறியளோ?"

கிட்னியைக் கேட்டவனுக்கு விண்வெளியைச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் அவர் அவசரப்படாமல் சொன்னார். எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

எலும்பு என்பது நட்டுவிட்ட தூண் மாதிரி அப்படியே நிற்கிற பொருள் இல்லையாம். உயிரோடு இருக்கும்வரை அது இடிக்கப்பட்டுக்கொண்டும் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். பழைய எலும்பைத் தோண்டி எடுக்க, செல் என்கிற உடம்பின் கலங்களில் ஒரு வகை, புதிதாக வைக்க இன்னொரு வகை. எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்று கட்டுகிற கலத்துக்குச் சொல்வது பாரம். நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உடம்பின் பாரத்தில் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவுதான் கட்டச் சொல்லி வருகிற உத்தரவு. விண்வெளியில் அந்த உத்தரவு வருவதில்லை. அங்கே பூமியின் இழுப்பு இல்லாமல் இல்லையாம். வண்டியும் அதற்குள் இருக்கிற ஆளும் பூமியைச் சுற்றி ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால் உடம்பு தன் பாரத்தை உணர்வதில்லை. கட்டுகிறவன் சோம்பிப் போகிறான், தோண்டுகிறவன் நிறுத்துவதில்லை. கூடப் பாதிக்கப்படுவது கால், இடுப்பு, முள்ளந்தண்டு. வயது போனவர்களுக்கு ஒரு வருடத்தில் கரைகிறது அங்கே ஒரு மாதத்தில் கரைந்துவிடுமாம். தோண்டிய கல்சியம் இரத்தத்துக்குப் போய், அங்கிருந்து சிறுநீரில் இறங்கும். அதனால் அவர்களுக்கும் சிறுநீரகக் கல் வரக்கூடும் என்று பயப்படுவார்களாம். அதற்காக அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் போல, தங்களை வார்களால் ஓடுகிற இயந்திரத்தோடு கட்டிக்கொண்டு ஓட வேண்டும். அப்படிச் செய்தும், திரும்பி வந்து வருடக்கணக்காகியும் எலும்பு பழையபடி ஆகாதவர்கள் உண்டு. இந்த விசயத்தைப் பூமியிலேயே ஆராய்வதற்குச் சுகதேகிகளைக் கிழமைக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்களாம்.

"நீங்கள் நாலு மாதம் விண்வெளியிலை இருந்திட்டு வந்திருக்கிறியள் ஐயா," என்றார். "உங்கடை எலும்பு சலத்தோடை போய்க்கொண்டிருக்குது."

எல்லா எலும்புமா என்று பரமேஸ்வரி கேட்டாள். மண்டையோடு மட்டும் குறைவதில்லை, சிலருக்குக் கூடியும் இருக்கிறது என்றார் டொக்டர். "இவருக்கு அது முதலே தடிப்புத்தானே," என்றாள் இவள். பயத்தில் வெளிறிப்போய் நின்றவள், அந்த நேரத்திலும் அதைச் சொல்லாமல் விடவில்லை.

பிறகு டொக்டர் எக்ஸ்ரே இரண்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சுகமான இடது காலின் எலும்பு வெள்ளையாக இருந்தது. முறிந்த வலது காலின் எலும்பு சாம்பல் நிறத்தில், கணுக்காலுக்குக் கிட்ட இருக்கிறதா இல்லையா என்பது போல் தெரிந்தது. முறிவு இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. இப்படியே விட்டால் பொருந்தவும் மாட்டாது. தகடு வைத்துப் பூட்டலாமா என்று கேட்டேன். ஸ்குரூவைப் பிடித்து வைத்திருக்க எலும்பில் பலம் வேண்டும், இந்த எலும்பு பிடிக்காது என்றார். ஒரே வழி, ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கால் இனி என்னைத் தாங்காது.

அவர் போன பிறகும் நான் நம்பவில்லை. ஊன்றச் சொல்லி நடுவழியில் எலும்பு திரும்ப முறிந்தால் அவர்களுக்கென்ன? கட்டிலின் காலடியில் தொங்கிய, டொக்டர்கள் எழுதி வைக்கிற என் வருத்தக் கொப்பியை, நேர்ஸ் அந்தப் பக்கம் போனதும், பரமேஸ்வரியைக் கொண்டு பக்கம் பக்கமாகப் போட்டோ எடுப்பித்துக் கனடாவுக்கு அனுப்பினேன். உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல் என்றேன். பிறகு அவனே அழைத்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அத்தான், எனக்கு இதுகள் ஒண்டும் விளங்காது. நான் ஆசுப்பத்திரியிலை வருத்தக்காரருக்குச் சாப்பாட்டு வண்டில் தள்ளுறனான்."

அப்போ ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அக்கா அழுதுகொண்டு கேட்டவா. ஒண்டும் தெரியாதெண்டு சொல்ல மனம் வரேல்லை."

அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு மணித்தியாலம் நின்றது, பிறகு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை என்று நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தோமே, என்ன வேலை என்று ஒருநாளும் கேட்கவில்லை. மடையில் ஒரு பிடி மண் குறைந்தால் நாலு பேரை விசாரிக்கிறவன் நான். அன்று வெட்கமாக இருந்தது. பரமேஸ்வரி யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். என்னைத் தூக்கித் தூக்கிச் சுமந்ததெல்லாம் எனக்குச் செய்த கெடுதியாகிப் போயிற்றே என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் பிசியோதெரபிப் பிள்ளை ஏறி நின்று நிறை பார்க்கிற சின்னத் தராசு ஒன்றோடு வந்தார். இரண்டு கையாலும் பிடிக்கிற நாலு கால் சட்டம் ஒன்றை முன்னே வைத்து, சுகமான காலில் நிற்க வைத்து, முறிந்த காலைத் தராசில் வைத்து அமத்தச் சொன்னார். முதல் இரண்டு நாள் பத்து கிலோ, பிறகு இருபது, பிறகு முப்பது. முள் சொன்ன இலக்கத்துக்கு வந்தால் அப்படியே பிடித்திருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

தராசு! நெல் விற்கிற எவனையாவது கேட்டுப் பாருங்கள். ஆலைத் தராசு எப்போதும் குறைத்துத்தான் காட்டும். எழுபது கிலோ மூட்டை அங்கே ஏறினால் அறுபத்தெட்டு. ஆகவே இந்தத் தராசு இருபது காட்டும்போது என் காலில் உண்மையில் இருபத்துநாலோ ஐந்தோ இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பிள்ளை இருபது என்றால், முள்ளைப் பதினாறில் நிறுத்திவிட்டு, சரி என்று சொல்லுவேன். அவர் மற்ற ஆட்களைப் பார்க்கத் திரும்புகிற நேரம் பார்த்துச் செய்வேன். முப்பது என்ற நாளில் இருபத்திரண்டு. வலி குறைவாக இருந்தது, நானும் கெட்டிக்காரன் என்று இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்தவர் முருகையா. பரந்தனில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். மலையகத்திலிருந்து வந்த குடும்பம், எனக்கு மூன்று நாலு வயது மூப்பு. லொறியில் இருந்து விழுந்து குதிக்கால் எலும்பு வெடித்து வந்திருந்தார். என் நெல்லையும் இருபது வருடம் சுமந்தவர்தான். முகம் தெரியும், அதற்கு மேல் நான் கதைத்ததில்லை. அந்த ஆலைக்காரனின் ஆள் என்பதால் அவரையும் ஒரு கண் பார்த்துத்தான் வைத்திருந்தேன். ஒரு கிழமை என் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தப் பிள்ளை போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தலைவரய்யா, முப்பது கிலோ வைக்கிற காலு இப்படி இருக்காதுங்க. நீங்க இருபத்தி ரெண்டுதான் வைக்கிறீங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். தராசில் இருந்த சந்தேகத்தைச் சொன்னேன், உம்முடைய ஆலைத் தராசு எனக்குத் தெரியாதா என்றும் குத்திக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அந்தத் தராசு பொய்தாங்க. மூட்டைக்கு ரெண்டு கிலோ எடுக்கும். தூக்குற முதுகுக்குத் தெரியாதுங்களா? வாயத் தொறந்தா வேலை போயிடும், அதான் சும்மா இருந்துட்டேன். ஆனா இது அந்தத் தராசு இல்லைங்க."

இருபது வருடமாக நான் சந்தேகப்பட்டது சரி என்று ஒரு மனிதர் ஒத்துக்கொண்டபோது எனக்குச் சந்தோசம் வரவில்லை. அவர் பரமேஸ்வரியிடம் எங்கள் கட்டிலுக்கடியில் இருந்த ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் காட்டினார். இரண்டும் கடையில் வாங்கியபடி மூடியிருந்தன. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, அதை யாரும் மாற்ற முடியாது, வைத்துப் பாருங்கள் என்றார். பின்னேரம் பிள்ளை தராசோடு வந்ததும் வைத்துப் பார்த்தோம். முள் பத்திலே போய் நின்றது, போத்தல் கனத்துக்கு ஒரு மயிரிழை கூட. ஒன்றை எடுத்தால் ஐந்து. திரும்ப வைத்தால் பத்து. நான் மூன்று தரம் வைத்துப் பார்த்தேன். மனிதரை நம்பாதவன் என்றாலும் தண்ணீரோடுதான் என் வாழ்நாள் போயிருக்கிறது. தண்ணீர் பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும்.

நான் செய்த திருட்டைப் பிள்ளையிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கிழமை வீணாகிப் போயிற்று ஐயா என்றார், ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றிரவு எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. தராசும் டொக்டரும் ஒரு சாட்டுத்தான். எனக்குப் பயம். அந்த முறிந்த சத்தத்தைத் திரும்பக் கேட்க நேருமோ என்று நான்கு மாதமாகப் பயந்து கிடந்திருக்கிறேன். சந்தேகம் என்று சொன்னால் ஆண்பிள்ளைத்தனமாக இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஏமாற்றவில்லை. முப்பது என்றால் முப்பது. வலித்தது, வியர்த்தது. சிறுநீரகக் கல்லோ ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்தாம் நாளே தானாக வெளியே போய்விட்டிருந்தது. முருகையா தன் கட்டிலில் இருந்தபடி இலக்கம் சொல்லுவார், முள்ளைப் பார்க்காமலே. எப்படித் தெரிகிறது உங்களுக்கு என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அவரை நீர் என்று சொல்லாமல் நீங்கள் என்று சொல்லியிருப்பது எனக்கே தெரிந்தது. டொக்டர் அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்து, இந்த வயதில் இப்படித் திடமான எலும்பு அபூர்வம் என்று ஒருநாள் சொன்னார். "எலும்பு இருக்குங்க, முதுகுதான் போச்சு," என்றார் அவர். முள்ளந்தண்டுக்கு நடுவே உள்ள மெத்தைகள் தேய்ந்து, கால் மரத்துப்போய்த்தான் அவர் லொறியிலிருந்து விழுந்திருக்கிறார். சுமந்தாலும் கேடு, சுமக்காவிட்டாலும் கேடு என்றால் என்ன நியாயம் என்று டொக்டரைக் கேட்டேன். அளவு என்று ஒன்று இருக்கிறது ஐயா என்றார். அந்த அளவை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அந்த மூட்டைகளில் என்னுடையதும் இருந்தது.

ஐந்தாம் கிழமை எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி வெள்ளையாக ஒரு திரட்சி தெரிந்தது. கட்டுகிற கலங்கள் வேலைக்கு வந்துவிட்டன என்றார் டொக்டர். அன்றைக்கு முழுப் பாரத்தையும் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். தராசை எடுத்துவிட்டார்கள். பிள்ளை ஒரு பக்கம், பரமேஸ்வரி மறுபக்கம். பரமேஸ்வரி பழக்கத்தில் என் கக்கத்துக்குள் தோளைக் கொடுக்க வந்தாள். வேண்டாம் அம்மா, தள்ளி நில்லுங்கோ என்றார் பிள்ளை. அவள் இரண்டடி தள்ளிப் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

நான் சட்டத்தைப் பிடித்து எழுந்தேன். இடது காலைக் கொஞ்சம் தூக்கினேன். வலது கால் நடுங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. பிறகு சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்தேன், மற்றதையும் எடுத்தேன். முருகையா தன் கட்டிலில் இருந்து "அறுபத்தி மூணு" என்றார். அது என் முழு நிறை.

பரமேஸ்வரி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்கு மேலாகக் கட்டிலில் கிடந்த என்னைக் குனிந்தே பார்த்தவள்.

"நீங்கள் இவ்வளவு உயரமெண்டதை நான் மறந்துபோனன்," என்றாள்.

நான் அவளைவிட இரண்டு அங்குலம்தான் உயரம். சும்மா சொல்கிறாள் என்று தெரிந்தது. நம்பினேன்.